பிந்திக் கட்டினவரும் பிந்திக் கட்டுறவரும்

யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமத்துச் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தின் கடன் குழு கூடினால், விண்ணப்பத்தில் முதலில் வாசிக்கப்படுவது தொகை அல்ல, முகவரி. "இது எவடம்?" என்று ஒருவர் கேட்பார். "ஆற்றை ஆக்கள்?", அதாவது யாருடைய ஆட்கள், என்று அடுத்தவர் தொடர்வார். இரண்டுக்கும் மறுமொழி வந்த பிறகுதான் தாள் புரளும். அதற்குள் பாதி முடிவு எடுபட்டுவிடும்.

"எவடம்" என்பது இடத்தைக் கேட்கிற கேள்வி மாதிரித் தோன்றும். ஊரையும் ஒழுங்கையையும் சொன்னால் சாதி பிடிபடும், தொழில் பிடிபடும், இடம்பெயர்ந்து வந்து இருக்கிறவரா என்பதும் பிடிபடும். அதற்காகத்தான் அது கேட்கப்படுகிறது. இதை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த விஷயத்தை எழுத முடியாது. பதில் வந்த கையோடு வருகிற வசனங்களும் எல்லாருக்கும் பாடம்: கடற்கரை ஆக்களின்ர காசு கையில நிக்காது. நிவாரணம் எடுத்துப் பழகினவை கடனையும் நிவாரணமாத்தான் நினைப்பினம். வெளிநாட்டுக் காசு வாற வீட்டுப் பெடியன் ஒரு தொழிலில நிலைக்க மாட்டான். இயக்கத்தில இருந்து புனர்வாழ்வு முடிச்சு வந்தவருக்குக் குடுத்தால் பிறகு பிரச்சினை. உத்தியோகத்தர் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு குடுக்கலாம். ஒவ்வொன்றும் நாளைக்கு நடக்கப் போவதைப் பற்றிய வசனம். அந்த நாளை இன்னும் வரவில்லை, விண்ணப்பித்தவரோடு ஒரு வார்த்தை கதைக்கவும் இல்லை.

இந்த எதிர்பார்ப்பு மனதுக்குள்ளேயே கிடந்தால் பெரிய சேதம் இல்லை. ஆனால் அது தவணை எண்ணிக்கைக்குள் போகிறது, பிணையாளர் எண்ணிக்கைக்குள் போகிறது, காசு கொடுக்கிற மாதத்துக்குள் போகிறது, கதைக்கிற தொனிக்குள் போகிறது. பிறகு அவைதான் அந்த ஆளை நாங்கள் எதிர்பார்த்தபடி நடக்க வைக்கின்றன. 1948இல் அமெரிக்கச் சமூகவியலாளர் றொபேட் மேர்ட்டன் இதற்கு ஒரு வங்கியை உதாரணமாகச் சொன்னார்: நல்ல நிலையில் இருக்கிற வங்கி முறியப் போகிறது என்று கதை பரவுகிறது, எல்லாரும் ஓடிவந்து காசை எடுக்கிறார்கள், வங்கி உண்மையாகவே முறிகிறது. கதை பொய்யாகத்தான் தொடங்கியது, நம்பினவர்களின் கைகள் அதை மெய்யாக்கிவிட்டன. கடன் குழுவில் நடப்பதும் இதே பொறிமுறைதான். ஓட்டமும் கூட்டமும் இல்லாமல் தாளில் நடப்பதால் கண்ணில் படுவதில்லை.

கணக்கோடு பார்ப்போம். இருவர் ஆளுக்கு ஒரு இலட்சம் ரூபா கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி மாதத்துக்கு ஒரு வீதம், குறைந்து செல்லும் மீதிக்கு. ஒருவர் ஆசிரியர். அவருக்கு 24 மாதம், இரண்டு பிணை, காசு ஒரே தடவையில். முதல் தவணை 4,167 ரூபா முதலும் 1,000 ரூபா வட்டியும், மொத்தம் 5,167. மற்றவர் வடமராட்சிக் கரையில் வலைத்தொழில் செய்பவர். "நீட்டினால் பிறகு பிடிக்க ஏலாது" என்று அவருக்கு 10 மாதம், மூன்று பிணை, அதில் ஒருவர் அரச உத்தியோகத்தர். அந்த மூன்றாவது பிணையைத் தேடி அலைவதிலேயே ஆனி, ஆடி போய்விடும். காசு ஓகஸ்டில் கிடைக்கும். முதல் தவணை 11,000.

இனிக் காலத்தைப் பாருங்கள். ஓகஸ்டில் எடுத்தால் செப்ரெம்பர் தொடக்கம் கட்ட வேண்டும். மூன்றாம், நான்காம், ஐந்தாம் தவணைகள் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் விழும். வாடைக் காற்றும் மழையுமாகக் கடல் கொந்தளிக்கிற மாதங்கள். படகு கரையில் ஏற்றிக் கிடக்கும். அந்த மூன்று மாதத்தில் அவர் கட்ட வேண்டியது 10,800, 10,700, 10,600, மொத்தம் 32,100 ரூபா. கட்ட முடியாது. யாராலும் முடியாது. ஜனவரிக் கூட்டத்தில் குழு சொல்லும்: "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள் எல்லே."

அதே ஆளுக்கு அதே ஒரு இலட்சத்தை பெப்ரவரியில், 18 மாதத்துக்குக் கொடுத்திருந்தால்? மார்ச்சில் தொடங்கி அடுத்த வருடம் ஓகஸ்டில் முடியும். இடையில் ஒரேயொரு வாடைக் காலம். அந்த மூன்று மாதத்துக்கு வட்டி மட்டும் என்று வைத்தால் முதல் தொகை மற்ற 15 மாதத்தில் பிரியும், மாதம் 6,667. முதல் தவணை வட்டியோடு 7,667. நவம்பர் வரும்போது எட்டுத் தவணை கட்டி முடிந்து மீதி 46,664 ரூபா நிற்கும். அதற்கு வட்டி 467. மூன்று மாதத்துக்கும் சேர்த்து 1,401. ஒரு அட்டவணையில் 32,100, மற்றதில் 1,401. ஆள் ஒருவர்தான், படகும் கடலும் மாறவில்லை. நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை.

இன்னொன்று அடிக்கடி நடக்கிறது. சந்தேகப்படுகிற ஆளுக்குக் காசை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது. "முதல் அம்பதை ஒழுங்காக் கட்டட்டும், பிறகு மற்ற அம்பது." பாதுகாப்பான ஏற்பாடாகத் தோன்றும். அரை வலையோடு கடலுக்குப் போனாலும் எண்ணெய்ச் செலவு முழுதாகத்தான் போகும், மீன்பாடு பாதியாகத்தான் வரும். தையல் இயந்திரத்தைப் பாதி வாங்க முடியாது. கோழிக் கூட்டைப் பாதி அடைக்க முடியாது. பாதிக் காசு பெரும்பாலும் வீட்டுச் செலவில் கரைந்து, "கடனை வேற தேவைக்குச் செலவழிச்சுப் போட்டார்" என்ற பெயரைத்தான் வாங்கித் தரும். பிரித்துக் கொடுப்பதென்றால் வேலை உண்மையில் கட்டம் கட்டமாக நடக்கிற இடத்தில் மட்டும் செய்யுங்கள். கிணறு இறைப்பு முதலில், குழாய் பிறகு, என்பது போல. ஆளைப் பார்த்துப் பிரிக்காதீர்கள்.

தொழிலைப் பற்றிய தகவலும் ஆளைப் பற்றிய ஊகமும் ஒன்றல்ல. இதில்தான் நல்ல மனம் உள்ளவர்களும் வழுக்குகிறார்கள். "கடற்றொழிலாளரின் வருமானம் மாதா மாதம் ஒரே மாதிரி வராது" என்பது தகவல். அதை வைத்து அட்டவணை போடலாம். "கடற்றொழிலாளர் காசைச் சேமிக்கத் தெரியாதவர்" என்பது ஊகம். அதை வைத்து எதையும் போட முடியாது. தகவலிலும் பொதுவாகச் சொல்வதை நம்பாமல் எந்தக் கரை, என்ன வலை, எந்த மாதம் கடலுக்குப் போகாமல் இருந்தது என்று அவரிடமே கேளுங்கள். ஆழம் குறைந்த களக்கடல் தொழிலுக்கு ஒரு காலம், ஆழ்கடலுக்கு இன்னொரு காலம். வலிகாமத்தில் சின்ன வெங்காயம் வைக்கிறவருக்கு இரண்டு, இரண்டரை மாதத்தில் காசு வரும், உருளைக்கிழங்குக்கு மூன்று மாதம் செல்லும். இவர்களுக்கு மாதத் தவணையை விட அறுவடைத் தவணை பொருந்தும். இழுவைப்படகு வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டால் எந்த அட்டவணையும் நிற்காது. அப்படி நடந்தால் என்ன செய்வது என்பதைக் கடன் கொடுக்கிற அன்றே எழுதி வையுங்கள்.

அட்டவணைக்கு அடுத்தது கதைக்கிற முறை. எங்கள் பேச்சில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருக்கிறது. ஒரே வயதுள்ள இருவர் குழுவுக்கு முன் வந்து நின்றால், ஒருவருக்கு "இருங்கோ மாஸ்ரர், எப்பிடிச் சுகம்?" மற்றவருக்கு "இரும். என்ன தொழில் செய்யிறீர்?" முதல் ஆளுக்குக் கதிரை கிட்டக் கிடக்கும். இரண்டாம் ஆள் வாசலுக்குப் பக்கத்தில் கிடக்கிற வாங்கிலின் நுனியில் இருப்பார். முதல் ஆள் தன் திட்டத்தை விளக்குவார். இரண்டாம் ஆளிடம் "சுருக்கமாச் சொல்லும்" என்பார்கள். அவர் சுருக்கமாகச் சொல்வார். பிறகு, "திட்டம் ஒண்டும் தெளிவா இல்லை" என்று குறிப்பெழுதுவார்கள்.

1974இல் கார்ல் வேர்ட், மார்க் சன்னா, ஜோயல் கூப்பர் என்ற மூவர் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். வெள்ளையின நேர்முகக்காரர்கள் கறுப்பின விண்ணப்பதாரர்களை விட்டுச் சற்றுத் தள்ளி இருந்தார்கள், பேச்சில் அதிகம் தடுமாறினார்கள், நேர்முகத்தை ஏறத்தாழக் கால்வாசி நேரம் முன்னதாகவே முடித்தார்கள். சோதனையின் இரண்டாம் பாதிதான் முக்கியம். நேர்முகக்காரர்களைப் பழக்கி, வெள்ளையின விண்ணப்பதாரர்கள் சிலரை அதே மாதிரி, தள்ளியிருந்து, தடுமாறி, அவசரமாக நடத்தச் சொன்னார்கள். அப்படி நடத்தப்பட்டவர்கள் பதற்றப்பட்டார்கள், பதிலும் சுமாராகத்தான் வந்தது. குறை ஆளில் இருக்கவில்லை. அவரை நடத்திய விதத்தில் இருந்தது.

ஆகவே வயது, தொழில் பாராமல் எல்லாருக்கும் "நீங்கள்". எல்லாருக்கும் ஒரே கதிரை, ஒரே இடத்தில். நேரத்தைப் பதினைந்து நிமிடம் என்று வைத்தால் மணிக்கூட்டைப் பார்த்து எல்லாருக்கும் பதினைந்து. கேள்விகளை முன்கூட்டியே எழுதி, ஒரே ஒழுங்கில் கேளுங்கள். ஆறு கேள்வி போதும்: எவ்வளவு, எதற்கு, அந்த வேலையில் காசு எந்த மாதம் வரும், எந்த மாதம் வராது, வேறு எங்கே கட்ட வேண்டியிருக்கிறது, கட்ட முடியாத மாதம் வந்தால் என்ன செய்வீர்கள். கடைசிக் கேள்விக்குத்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசமான, உபயோகமான பதில் வரும். அதற்குத்தான் கூட நேரம் விட வேண்டும்.

அடுத்தது எழுத்து. இது எங்கள் பேச்சுத் தமிழுக்குள்ளேயே இருக்கிற ஆபத்து. யாழ்ப்பாணத்தில் "அவர் பிந்திக் கட்டினவர்" என்றால் ஒரு தடவை பிந்திக் கட்டினார் என்று அர்த்தம். "அவர் பிந்திக் கட்டுறவர்" என்றால் அதுதான் அவருடைய வழக்கம் என்று அர்த்தம். இரண்டு எழுத்துத்தான் மாறுகிறது. "டின"வுக்குப் பதில் "டுற". முதல் வசனம் ஒரு திகதிக்கு உரியது. இரண்டாவது ஆளுக்கே உரியது, இனி வரப்போகிற மாதங்களுக்கும் சேர்த்து. கூட்டங்களைக் கவனித்துக் கேட்டால் தெரியும்: வேண்டப்பட்டவர் பிந்தினால் "அவர் போன மாசம் கொஞ்சம் பிந்தினவர், மகளின்ர கலியாணம் எல்லே". வேண்டப்படாத பக்கத்து ஆள் அதே மூன்று நாள் பிந்தினால் "உவை எப்பவும் உப்பிடித்தான், பிந்திக் கட்டுறவை". ஒருமை பன்மையாகிவிடும், இறந்தகாலம் எக்காலமும் ஆகிவிடும், காரணம் காணாமல் போய்விடும்.

இது எங்களுக்கு மட்டும் உள்ள குறை அல்ல. 1989இல் அன் மாஸ் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் இத்தாலியில், குதிரைப் பந்தயத்தில் போட்டியிடுகிற வட்டாரங்களைச் சேர்ந்தவர்களை வைத்து இதே போக்கைக் காட்டினார்கள். தங்கள் ஆள் செய்த பிழையைச் செயலாகவும் எதிர்ப்பக்கத்து ஆள் செய்த பிழையைக் குணமாகவும் சொன்னார்கள். நல்லதென்றால் நேர்மாறு.

கூட்டக் குறிப்பில் இதற்கு ஒரு விதி போதும். ஆளைப் பற்றி எழுதுகிற ஒவ்வொரு வசனத்திலும் திகதியும் தொகையும் இருக்க வேண்டும். "பொறுப்பில்லாதவர்", "நம்பிக்கையானவர்", "ஒழுங்கா வாறவர்" என்று எதுவும் ஏறக்கூடாது. "மார்ச் 10இல் கட்ட வேண்டிய 7,667 ரூபாவை மார்ச் 14இல் கட்டினார். 12ஆம் திகதி தொலைபேசியில் அறிவித்தார்" என்று எழுதுங்கள். இப்படி எழுதப் பழகிய பொருளாளர் கதைக்கும்போதும் மெல்ல மெல்ல அப்படியே கதைக்கத் தொடங்குவார்.

"நாங்கள் நேரில போய்ப் பார்த்துத்தானே முடிவெடுக்கிறம்" என்று சொல்வார்கள். வீடு பார்க்கப் போவது நல்ல பழக்கம். ஆனால் நேரில் பார்ப்பது எதிர்பார்ப்பைத் திருத்தும் என்று எண்ண வேண்டாம், பல தடவை அதை இறுக்கிவிடும். 1983இல் ஜோன் டார்லியும் பெஜட் குறோஸும் ஒரு சிறுமியின் காணொளியை மாணவர்களுக்குக் காட்டினார்கள். சிலருக்கு அவளை வசதியான சுற்றாடலில் காட்டினார்கள், சிலருக்கு வறுமையான சுற்றாடலில். அந்த அளவில் நிறுத்தியவர்களிடம், அவள் எந்த வகுப்பு மட்டத்தில் இருக்கிறாள் என்ற கணிப்பில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிற ஒரே காட்சியை இரு பக்கத்துக்கும் காட்டியதும்தான் கணிப்பு இரண்டாகப் பிளந்தது. வசதியான பிள்ளை என்று எண்ணியவர்கள் சரியான பதில்களைக் கவனித்தார்கள், மற்றவர்கள் பிழைகளைக் கவனித்தார்கள். இரு பக்கமும், காட்சியைப் பார்த்துத்தான் சொல்கிறோம் என்றே நம்பினார்கள்.

எங்கள் வீட்டு விஜயத்திலும் இதுதான் நடக்கிறது. விறாந்தையில் பெரிய தொலைக்காட்சி இருந்தால், ஒரு வீட்டில் அது "வசதியான குடும்பம், கட்டுவினம்". இன்னொரு வீட்டில் "காசை எப்பிடி வீணாக்கியிருக்கினம் பாருங்கோ". முற்றத்தில் இளந்தாரி ஒருவர் கைத்தொலைபேசியோடு இருந்தால், ஒரு வீட்டில் "பெடியன் வெளிநாட்டு அலுவல் பாக்கிறான் போல", இன்னொரு வீட்டில் "வேலை வெட்டி இல்லாமல் இருக்கிறான்". ஆகவே போவதற்கு முன் என்ன பார்க்கப் போகிறோம் என்று எழுதிக்கொண்டு போங்கள். தொழிலுக்கு வேண்டிய கருவி இருக்கிறதா, அது வேலை செய்கிறதா, சரக்கு எங்கே விற்கிறது, கடைசியாக விற்றதற்குத் துண்டு இருக்கிறதா, தண்ணீர், மின்சாரம் இருக்கிறதா. அந்தத் தாளில் இல்லாத எதையும் குழுவில் சொல்லக்கூடாது. இருவர் போய், திரும்பி வருகிற வழியில் ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் தனித்தனியாக நிரப்ப வேண்டும். வழியில் கதைத்தால் இரண்டு தாளும் ஒரே தாளாகிவிடும்.

நல்ல எதிர்பார்ப்பும் இதே அளவுக்குக் கெடுதல் செய்யும். அதை ஆரும் கவனிப்பதில்லை. உத்தியோகத்தர் என்ற ஒரே சொல்லில் காசு கொடுக்கப்படுகிறது. சம்பளத் துண்டைப் பார்த்தால் வங்கிக் கடன், அனர்த்தக் கடன், பண்டிகை முற்பணம் என்று கழிபட்டு, கைக்கு வருவது கொஞ்சம்தான். மூன்று மாதத்துத் துண்டை எடுத்து, கழிவுகளுக்குப் பிறகு உள்ள தொகையை மட்டும் கணக்கில் எடுங்கள். ஒரே ஆசிரியர் எத்தனை பேருக்குப் பிணை நிற்கிறார் என்று பதிவேட்டில் எண்ணுங்கள். ஒரு ஊரில் இரண்டு மூன்று பேர்தான் எல்லாருக்கும் பிணை. அவர்களில் ஒருவர் இடமாற்றமாகிப் போனால் ஐந்து கடன் ஒன்றாக ஆடும்.

பெண்கள் விஷயத்தில் நல்ல எதிர்பார்ப்பு செய்தது இன்னும் கொடுமை. 1976இல் வங்காளதேசத்தில் ஜோப்ரா என்ற கிராமத்தில் பொருளியல் பேராசிரியர் முகமட் யூனுஸ் 42 பேருக்கு ஏறத்தாழ 27 டொலர் கடனாகக் கொடுத்து, நுண்கடன் எனப்படும் சிறு கடன் முறையைத் தொடங்கியபோது, ஏழைகள் திருப்பிக் கட்ட மாட்டார்கள் என்பதே வங்கிகளின் எண்ணமாக இருந்தது. அந்த எண்ணம் பொய்யானது நல்லது. ஆனால் அது உடைந்த இடத்தில் இன்னொன்று முளைத்தது: "பொம்பிளையள் மானத்துக்குப் பயந்து எப்பிடியும் கட்டிப்போடுவினம்." 2009இல் போர் முடிந்த பிறகு வடக்கில் வீடு வீடாக வந்த நுண்கடன்கள் இந்த எதிர்பார்ப்பின் மேல்தான் நின்றன. வருமானத்தை ஆரும் கேட்கவில்லை, குழுவில் மற்றப் பெண்கள் முன் வெட்கப்படுவார் என்பதே பிணை. கட்டினார்கள், ஒன்றைக் கட்ட இன்னொன்றை எடுத்துக் கட்டினார்கள். திருப்பிச் செலுத்திய வீதம் பதிவேட்டில் நன்றாகத் தெரிந்தது, அடைவு வைத்த நகையும் விற்ற ஆடும் அதில் தெரியவில்லை. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. ஒருவர் "கட்டுவார்" என்ற நம்பிக்கை, அவரால் கட்ட முடியுமா என்று கேட்பதற்குப் பதிலாக நிற்கக்கூடாது.

"எங்கட அனுபவத்தில கண்டதைத்தான் சொல்லுறம்" என்கிறவர்களுக்கு ஒரு வேலை. பதிவேட்டை எடுத்து எண்ணுங்கள். கடந்த மூன்று வருடத்தில் முடிந்த கடன்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள், தவணை பிந்தியவை எத்தனை என்று தொழில் வாரியாகப் பிரியுங்கள். கடற்றொழிலாளருக்கு எட்டுக் கடன், அதில் இரண்டு பிந்தியது என்று வந்தால் அது 25 வீதம். உத்தியோகத்தருக்கு அறுபது, அதில் ஒன்பது பிந்தியது, 15 வீதம். பார்த்தீர்களா என்பார்கள். பிந்திய இருவரில் ஒருவர் நேரத்துக்குக் கட்டியிருந்தால் 25 வீதம் 12.5 ஆகிவிடும், கதை தலைகீழாகிவிடும். ஒரு ஆளின் ஒரு மாதத்தில் தொங்குகிற கணக்கை வைத்து ஒரு சமூகத்தின் குணத்தைத் தீர்மானிக்க முடியாது. எண்ணிக்கை இருபது, முப்பதைத் தாண்டாத வரைக்கும் வீதத்தையே எழுதாதீர்கள், ஆட்களை எழுதுங்கள். பிந்திய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மாதத்தையும் குறியுங்கள். பாதி பிந்தல் மார்கழியில் விழுந்திருந்தால் குறை எங்கே என்று தெரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய ஓட்டை, மறுத்த விண்ணப்பங்கள். கொடுக்காமல் விட்டவர் கட்டியிருப்பாரா என்பது பதிவேட்டில் ஒருபோதும் வராது. ஆகவே "இவைக்குக் குடுத்தால் வராது" என்ற எண்ணம் பிழையென்று நிரூபணமாக வழியே இல்லை. அது தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும்.

விண்ணப்பத்தை இரண்டு தாளாகப் பிரிப்பதுதான் செய்யக்கூடியவற்றில் மிகப் பலன் தருவது. முதல் தாளில் பெயர், முகவரி, குடும்பம், பிணையாளர். இரண்டாம் தாளில் ஒரு இலக்கம், தொகை, தேவை, பன்னிரண்டு மாதத்துக்கும் தனித்தனிப் பெட்டியில் வருமானம், செலவு, வேறிடக் கடன் மீதி, சங்கத்தில் எத்தனை மாதம் விடாமல் சேமித்தார், முந்திய கடனின் தவணைத் திகதிகள். இலக்கம் போடுவது வாக்கில்லாத ஒருவர், முகாமையாளரோ எழுதுவினைஞரோ. குழுவில் ஐந்து பேர் என்றால் இரண்டாம் தாளின் ஐந்து பிரதி. பத்து நிமிடம் ஒருவரும் கதைக்காமல், எவ்வளவு, எத்தனை மாதம், எந்த மாதத்தில் தொடங்குவது, ஏன் என்று ஆளுக்கு ஒரு வசனம் எழுத வேண்டும். பிறகு சேர்த்து வாசிக்க வேண்டும். தலைவருடையது கடைசியில். அவர் முதலில் சொன்னால் மற்ற நாலு பேரும் தங்கள் தாளை மடித்துவிடுவார்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் முதல் தாள். அதைப் பார்த்த பிறகு ஆராவது முடிவை மாற்றினால், என்ன மாற்றம், என்ன காரணம் என்பது குறிப்பில் ஏற வேண்டும். காரணத்தை எழுத்தில் போடச் சொன்னாலே பல மாற்றங்கள் நின்றுவிடும்.

இது பிழைத்துப்போகிற இடங்களும் உண்டு. ஊர் சின்னது, தொழிலையும் தொகையையும் பார்த்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அமெரிக்க இசைக்குழுக்கள் வாத்தியக்காரரைத் தெரிவு செய்யும்போது திரை கட்டத் தொடங்கியபோது, காலடிச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடாமல் நிலத்தில் கம்பளம் விரித்த இடங்களும் உண்டு. எங்களிடம் அந்தளவுக்கு மறைக்க முடியாது. மறைப்பது நோக்கமும் அல்ல. எண்ணை முதலில் பார், ஆளைப் பிறகு பார் என்ற ஒழுங்குதான் நோக்கம். அதில் பாதி கிடைத்தாலும் போதும்.

மற்றது, "பிற குறிப்புகள்" என்ற பெட்டி. அது இருக்கிற படிவத்தில் எல்லாப் பழைய கதையும் அந்தப் பெட்டிக்குள் வந்து சேரும். எடுத்துவிடுங்கள். அவசரக் கடனையும் கவனியுங்கள். செத்த வீடு, ஆஸ்பத்திரி என்று வந்தால் இருவர் தொலைபேசியில் கதைத்து முடிவெடுப்பார்கள், அங்கே ஊகத்துக்குத் தடையே இல்லை. சேமிப்பின் மடங்கில் ஒரு உச்சத் தொகையை எல்லாருக்கும் பொதுவாக முன்கூட்டியே தீர்மானித்தால் கதைக்கத் தேவையே வராது. அறவிடும்போதும் அப்படியே: மூன்றாம் நாள் எல்லாருக்கும் தொலைபேசி, பத்தாம் நாள் எல்லாருடைய வீட்டுக்கும் நேரில். சந்தேகப்பட்ட வீட்டுக்கு மட்டும் கிழமைக்கு இரண்டு தடவை போனால் அங்கேதான் பிந்தல் கண்ணில் படும்.

விண்ணப்பிக்கிறவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொண்டு போய் இருக்கும்போது வாய் வராது. 1995இல் கிளோட் ஸ்டீலும் ஜோஷுவா அரன்சனும் காட்டியதும் இதுதான்: உங்கள் ஆற்றலை அளக்கிற சோதனை என்று சொன்னபோது அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் வெள்ளையின மாணவர்களை விடக் குறைவாகச் செய்தார்கள், அப்படிச் சொல்லாதபோது அந்த இடைவெளி குறைந்தது. ஆகவே வாயை நம்பாமல் தாளைக் கொண்டுபோங்கள். பன்னிரண்டு மாதத்து மின்சாரப் பட்டியலும் கட்டிய பற்றுச்சீட்டும். கடற்றொழிலாளர் சங்கத்திலோ சந்தையிலோ விற்ற துண்டுகள். சீட்டுப் பிடித்து முடித்திருந்தால் சீட்டுக் கொப்பி. நகை அடைவு வைத்து மீட்ட துண்டுகளைப் பலர் வெட்கப்பட்டு மறைப்பார்கள். ஆனால் எந்த மாதம் வைத்து எந்த மாதம் மீட்டார் என்பதில்தான் அந்த வீட்டுக் காசின் ஓட்டம் முழுவதும் தெரியும், கடனைத் திருப்புகிற பழக்கமும் தெரியும். தவணையை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள், "இந்த மூன்று மாதம் வட்டி மட்டும் கட்டுவன், மற்ற மாதம் இவ்வளவு" என்று. கட்ட முடியாத மாதம் வந்தால் திகதிக்கு மூன்று நாள் முன்னமே சொல்லி, சொன்ன திகதியைப் பற்றுப் புத்தகத்தில் எழுதுவியுங்கள். பிந்திச் சொன்னால் அது சாட்டாகக் கேட்கும்.

தவணை தவறிய ஆளோடு கதைக்கும்போது "ஏன் கட்டேல்லை?" என்று தொடங்கினால் அவர் தன்னைக் காப்பாற்றத்தான் பதில் சொல்வார். "அண்ணை, இந்த மாசம் என்ன நடந்தது?" என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார். அந்த ஒரு மாதத்தை மட்டும் கேளுங்கள், பழையதை இழுக்காதீர்கள். சொன்னதைச் சொன்னபடி, திகதியோடு எழுதுங்கள்.

மறுத்த விண்ணப்பங்களின் இரண்டாம் தாள்களைத் தனிக் கோப்பில் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும். வேறிடத்தில் கடன் எடுத்தாரா, கட்டினாரா, தொழில் நடக்கிறதா என்று அவரையே கேட்டு எழுதலாம். பெரும்பாலானவர்கள் மறைக்காமல் சொல்வார்கள். அதை நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக வையுங்கள். கடைசியில் வைத்தால் அதற்குள் பொழுதுபட்டுவிடும், கோப்பு திறபடாமலே அலுமாரிக்குப் போய்விடும்.